தணிய வேண்டிய கடைசி அடி

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச் கொயர் பயிற்சி. வழக்கம்போல் கத்தல். கேரல்ஸ் பாட்டின் கடைசி அடிக்கு மேல் 'டிமினுவெண்டோ' என்று போட்டிருக்கிறது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். "குறைச்சுப் பாடுங்க" என்றேன். ஜோவிதா வேகத்தைக் குறைத்தாள். டெனர் பாடும் ஆண்கள் சுருதியைக் குறைத்தார்கள். ஆல்டோ பாடும் பெண்களில் ரெண்டு பேர் பாடுவதையே நிறுத்திவிட்டார்கள். எலியேசர் அண்ணன் மட்டும் எதையும் குறைக்கவில்லை. ரயில் பட்டறையில் சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது.

சபைச் செயலர் ஜீவானந்தம் சார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தப்பா நினைக்காதீங்க ஷீலா. இந்த கேரல்ஸும் இப்படித்தான்னா, அடுத்த வருஷம் கொயர் வேணாம், ரெக்கார்டு பாட்டே போட்டுக்கலாம்னு கமிட்டில பேசியாச்சு."

வயிறு எரிகிறது. அவர் சொன்னது பொய்யில்லை என்பதால் இன்னும் எரிகிறது.

நவம்பர் 12

அகராதியைப் புரட்டினேன். குறைதல், சிறுத்தல், தேய்தல், தணிதல்.

தணிதல் – இதுதான். காய்ச்சல் தணிகிற மாதிரி. ஆள் அப்படியே இருக்கணும், சூடு மட்டும் இறங்கணும். முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா? மரமண்டை.

நவம்பர் 16, ஞாயிறு

எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தேன். பக்கத்து ஆள் குரல் காதில் விழவில்லை என்றால் உங்கள் சத்தம் அதிகம் என்று சொன்னேன்.

பாடி முடித்ததும் எலியேசர் அண்ணன் பக்கத்தில் நின்ற ஜோவிதாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, நீ பாடுனியா?"

"ரெண்டு வருசமா பாடிகினுதாண்ணா கீறேன்."

பம்மல்காரி வாய். எல்லாரும் சிரித்தோம், அவரைத் தவிர. கிளம்பும்போது, "நான் வேணா கொயர்லேர்ந்து நின்னுக்கட்டாம்மா?" என்றார். நீங்க போனா பேஸ் குரலுக்கு யாருண்ணா என்று அதட்டி அனுப்பினேன். பாவமாக இருந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

எலியேசர் அண்ணனுக்குத் தணித்துப் பாட வந்துவிட்டது! எப்படி என்று கேட்டேன். "மத்தியானம் உங்க அண்ணி தூங்கறப்போ பக்கத்துல நின்னு பாடிப் பாத்தேன். நேத்துதான் எழுந்திருக்காம தூங்கினா."

டிசம்பர் 20, சனி

மைக் வைத்து ஒத்திகை. கடைசி அடியில் நாங்கள் தணியத் தணிய, ஸ்பீக்கரில் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. பேய் பிடித்ததா என்று பார்த்தால், பெருங்களத்தூர் மைக் செட் தசரதன்.

"கடைசில வாய்ஸ் டவுன் ஆயிடுச்சுக்கா. நான்தான் ஏத்திக் குடுத்தேன்" என்கிறார், பெருமையாக.

ஏற்றாதீர்கள் என்றால் கேட்பதாயில்லை. "தசரதன் செட்டு கேக்கலைன்னு இதுவரிக்கும் ஒரு பேச்சு வந்ததில்லக்கா. பழி எம்மேலதான் வரும்." அவர் பயம் அவருக்கு. நாளைக்கு சாயங்காலம் கேரல்ஸ் சர்வீஸ். இவர் கையைக் கட்டியா போட முடியும்? அழுகையா வருது.

டிசம்பர் 21, ஞாயிறு

கையைக் கட்டவில்லை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் தசரதனிடம் போனேன். "அண்ணா, இந்தப் பாட்டுக்கு மட்டும் மைக்கை நிறுத்திட்டுக் கடைசி பெஞ்சில போய் உக்காருங்க. கேக்கலைன்னா கையைத் தூக்குங்க, உடனே போட்டுக்கலாம்." ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் போய் உட்கார்ந்தார்.

பாடினோம். கடைசி அடி வந்தது. யாரும் இழுக்கவில்லை, யாரும் நிறுத்தவில்லை, சுருதி இறங்கவில்லை. எலியேசர் அண்ணனுக்குப் பக்கத்தில் ஜோவிதாவின் குரல் எனக்கே தனியாகக் கேட்டது. தணிந்து தணிந்து, கோயிலில் மின்விசிறி ஓடுவது கேட்கும் அளவுக்கு வந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தேன். தசரதன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார், ரெண்டு கையும் முழங்கால் மேல். ஆசீர்வாதம் சொல்ல போதகர் ஐயருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

ஜெயிச்சுட்டோம். ஜெயிச்சுட்டோம்டி ஷீலா.

டிசம்பர் 28, ஞாயிறு

பயிற்சிக்குப் போனால் டெனர் வரிசையில் ஒரு நாற்காலி அதிகம். ஜீவானந்தம் சார், கையில் பாட்டுத் தாளோடு. "டெனர்ல ஆள் கம்மின்னு சொன்னாங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முதல் அடியிலேயே கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் எலியேசர் அண்ணன் அவர் தோளைத் தொட்டார்.

"மெதுவா சார். பக்கத்து ஆள் குரல் கேக்கணும்."