பாதி வேலையில் உறங்கிய பெட்டி

சேர்,

இன்று ஹாட்வெயார் கடையில் யாரோ சிலிக்கோன் பசைக் குழாயைத் திறந்தார்கள். அந்தப் புளித்த வினாகிரி நாற்றம் வந்ததும் உங்கள் நினைவு வந்தது. பெட்டியில் எங்கே ஓட்டை விழுந்தாலும் பசையை அப்பிவிட்டு, "காணும் புள்ள, ஊருக்கு இது போதும்" என்பீர்கள். நீங்கள் போய்ச் சில மாதங்களாகின்றன. எல்லோரும் உங்களைப் புகழ்கிறார்கள். என் வாயில் அப்படி ஒரு சொல்லும் வரவில்லை.

கல்லடியில் நீங்கள் நடத்திய அந்தச் சின்னக் கம்பெனியில் மென்பொருள் எழுதியவள் நான். வாவிக்கரையோரம் தூண்களில் பெட்டிகள் வைத்தோம். மாரியில் நீர் ஏறினால் வயல்வெளியில் மாடு வைத்திருக்கும் வட்டைக்காரர்களின் கைபேசிக்குச் சொல்லவேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்னக் கணினி. அதற்குள் தனித்தனிக் கணினிகள்போல் ஓடும் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள். ஒன்று நீர்மட்டத்தை அளக்கும், மற்றது செய்தி அனுப்பும். இருக்கும் கொஞ்ச நினைவகத்தை ஒன்று விட்டுக்கொடுக்க மற்றது எடுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொள்வது, கணினியின் அடிப்படை மென்பொருளான கேர்னலுக்குள் இருக்கும் ட்ரைவர் என்ற சின்ன நிரல். வேலையில்லாத நேரம், வெயிலில் சார்ஜாகும் பட்டரியை மிச்சம்பிடிக்கக் கணினி உறங்கிவிடும்.

சில பெட்டிகள் உறங்கிவிட்டு எழும்பாமல் கிடந்தன. நினைவகம் கைமாறிக்கொண்டிருக்கும்போதே, வேலை முடியுமுன், கணினி உறங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து உங்களிடம் வந்தேன். நீங்கள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்ப தூக்கத்தையே நிப்பாட்டு."

"மழைக்காலம் வெயில் இல்ல சேர். உறங்காட்டி பட்டரி செத்துப்போகும். ட்ரைவரத் திருத்தணும்."

"மாடு மேய்க்கிறவனுக்கு ட்ரைவரா? சொன்னதச் செய்."

நான் செய்ய மறுத்தேன். நீங்களே உட்கார்ந்து எல்லாப் பெட்டிகளிலும் உறக்கத்தை நிறுத்தினீர்கள். உங்களோடு வேலை செய்த காலத்தில் நீங்கள் தனியாகச் செய்து முடித்த ஒரே தொழில்நுட்ப வேலை அதுதான்.

மாரி பிறந்து வானம் மூடிக்கொண்டதும் பட்டரிகள் செத்தன. செத்த பெட்டி கடைசியாகச் சொன்ன அளவே கைபேசியில் அப்படியே நின்றது. பழுகாமத்துத் தியாகு அண்ணன் அதைப் பார்த்து, நீர் ஏறவில்லை என்று நம்பி, தாழ்வான தரையிலேயே தன் மாட்டுப் பட்டியை விட்டிருந்தார். விடிந்தபோது பட்டியில் பாதி இல்லை.

சேற்றுக் காலோடு அவர் நம் கம்பெனிக் கந்தோருக்கு வந்தார். கைபேசியை மேசையில் வைத்து, "இதப் பாத்துத்தான் நான் போகல்ல" என்றார். சத்தம் போடவில்லை. உங்களுக்கு வெட்கமிருந்திருந்தால் அப்போதாவது தலைகுனிந்திருப்பீர்கள்.

"இடி விழுந்திட்டு அண்ணன். மிசின் என்ன செய்யும்?"

"இடி இல்ல அண்ணன்," என்றேன். "பட்டரி செத்துப்போச்சு. தூக்கத்த நிப்பாட்டினது நாங்கதான்."

"உள்ள போ புள்ள!" என்று கத்தினீர்கள். நான் போகவில்லை.

வேலையை விட்டும் போகவில்லை. அந்தப் பெட்டிகளை உங்களை நம்பி விட எனக்கு மனமில்லை. நினைவகத்தை மாற்றும்படி கேட்டதும் ட்ரைவர் 'இப்போது உறங்காதே' என்று கணினிக்கு அடையாளம் வைக்கும். மாற்றி முடிந்ததும் அந்த அடையாளத்தை எடுத்துவிடும். அவ்வளவுதான் திருத்தம். கேர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். அவர்களில் முகம் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்பப் பிழை பிடித்தார். வேலை முடியும் நொடியிலேயே புதுக் கோரிக்கை வந்தால் அடையாளத்தை யார் எடுப்பது என்று கேட்டு ஒருமுறை முழுவதையும் மாற்றி எழுதவைத்தார். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள்; எல்லாப் பெட்டிகளிலும் அதைப் போட்டு உறக்கத்தைத் திரும்பக் கொடுத்தேன். 'காணும்' என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அடுத்த மாரிக்கு முன் விவசாயிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இது எங்கட கண்டுபிடிப்பு" என்றீர்கள். அது என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டதற்கு, "பெரிய டெக்னிக்கல் விசயம், உங்களுக்கு விளங்காது" என்று சிரித்தீர்கள். விளங்காதது உங்களுக்குத்தான். கைவேலை முடியுமட்டும் பெட்டியை உறங்கவிடாது என்று நான் எழும்பிச் சொன்னேன். தியாகு அண்ணன் திருப்பிக் கேட்டார்.

"பால் கறக்கக்குள்ள மாடு படுக்காமப் பாக்கிற மாதிரியா?"

"ஓம் அண்ணன்."

கூட்டம் சிரித்தது. நீங்கள் நேரத்தைப் பார்த்தீர்கள்.

அந்த மாரியில் பெட்டிகள் உறங்கின, எழும்பின, ஒன்றும் சாகவில்லை. தாழ்வான தரையிலிருந்த பட்டிகளெல்லாம் நேரத்துக்கு மேட்டுக்குப் போயின.

பிறகு உங்கள் நெஞ்சு நின்றுபோனது. செத்த வீட்டுக்கு வந்தேன். 'ஊருக்காக உழைத்தவர்' என்று பதாகை கட்டியிருந்தார்கள். வாசலில் தியாகு அண்ணன், வருபவர்கள் உட்காரக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"செத்த ஆளோட என்ன கோவம் புள்ள? நான் மறந்திட்டன்."

"எனக்கு மறக்கல்ல அண்ணன்."

அவர் மீதிக் கதிரைகளை அடுக்கப் போனார். இழந்த மனிதர் கோபத்தை இறக்கிவைத்துவிட்டார், சேர். அவருடையதையும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாரிக்கும் முன் பெட்டி பெட்டியாகப் போய்ப் பார்ப்பதற்கு அது எனக்கு வேண்டியிருக்கிறது.