உன் மேல் விழாத கோடிச்சேலை

இன்று காலை பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையைத் துடைத்தபோது, ஓரத்தில் ஒட்டிக் கிடந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று துணியோடு வந்தது. நீ நின்ற இடம் அது. ஸ்டிக்கர் விழாமல் ஒரு பழுது பீஸ்கூட உன்னைத் தாண்டியதில்லை. "சின்ன ஓட்டைதானுங்க, விடுங்க" என்று சூப்பர்வைசர் கெஞ்சுவார். "போட்டுக்கறவங்களுக்குச் சின்னதில்லீங்க" என்பாய், தலையைத் தூக்காமலே.

காங்கேயம் பக்கம் இருந்த உன் வீட்டைப் பற்றி நீ அதிகம் பேசியதில்லை. பேசினாலும் சிரித்துக்கொண்டே சொல்வாய். பத்தாம் வகுப்பில் தவறியதற்காக உன் அம்மா ஒரு வருடம் உன்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டு ஆட்டிடம் சொல்வாராம். "ஏ செவல, தட்டுல சோறு கெடக்குது, உங்கக்காகிட்டச் சொல்லு." அண்ணன் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். விருந்தாளி வந்தால் மட்டும் நீ 'கண்ணு', நீ 'சாமி'. இந்த ஊர்க்காரர்களின் மரியாதையை யாராவது மெச்சினால் தெற்கிலிருந்து பிழைக்க வந்த எனக்கு அந்த ஆடுதான் நினைவுக்கு வருகிறது.

வேறு சாதி டெய்லரைக் கட்டிக்கொண்டு நல்லூரில் குடியேறினாய். உன் வீட்டார் உன்னைத் தலைமுழுகினார்கள். மூன்று வருடம் கழித்து, டீ நேரத்தில் உன் அண்ணன் கம்பெனி கேட்டில் வந்து நின்றார். நான் உன் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா அழுவுது கண்ணு. நடந்ததை மறந்துட்டு வா."

"என்ன நடந்துச்சுங்ணா? நீங்களே சொல்லுங்க."

"அப்படி என்னத்தப் பண்ணிட்டோம்? அடிச்சமா? சோறு போடாம உட்டமா?"

"அப்ப மறக்கறதுக்கு ஒன்னுமில்லீங்களே. டீ குடிங்க."

அவர் தொடாமல் போனார். அந்த டீயையும் நீயே குடித்தாய்.

மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்தாய். "செத்தா கோடிச்சேலை எடுத்துட்டு ஓடி வருவாங்க. எம்மேல போட உட்றாத. எங்கூட்டுக்காரரு பயந்துக்குவாரு. நீதான் பாத்துக்கணும்."

"வாயைக் கழுவுடி" என்றேன். மறுவாரம் போய்விட்டாய்.

உன் கணவர் காயின் போனில் செய்தி சொன்னதும் அண்ணன் பட்டுச்சேலையோடு வந்தார். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பெண்ணின் உடலை எடுக்கக்கூடாது என்றது கூட்டம். உயிரோடு இருந்தவளிடம் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை; செத்தவளுக்குப் பட்டுப் போர்த்த எத்தனை பேர்! உன் கணவர் சரியென்று தலையசைக்கப் போனார். நான் குறுக்கே போய்ச் சேலையை வாங்கிக்கொண்டேன்.

"இது அவளுக்கு வேண்டாம்."

"நீ யாரம்மா? செத்தவளுக்கு என்ன ரோசம்?" என்றார் ஒரு பெரியவர்.

"உசுரோட இருக்கும்போதே சொல்லிட்டாய்யா."

கூட்டம் என்னைத் திட்டியது. உன் கணவர் மெல்ல எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். அதன்பிறகு யாரும் கிட்டே வரவில்லை. அண்ணன் மண்ணில் உட்கார்ந்து, நான் திருப்பிக் கொடுத்த சேலையை மடியில் வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அது நடிப்பில்லை. இரண்டடி தூரத்தில் நின்ற எனக்குத் தெரியும். நடிப்பாக இருந்திருந்தால் இந்த இரண்டு வருடத்தில் மறந்திருப்பேன். அந்த அழுகை இன்னும் என்னோடு இருக்கிறது. ஆனாலும் நாளைக்கே அவர் மறுபடி அந்தச் சேலையை நீட்டட்டும்; மடிப்புக் கலையாமல் வாங்கி அவர் மடியிலேயே வைப்பேன்.