கொட்டகைக்குப் பின்னால் நிற்பவை

அன்புத் தங்கைக்கு,

என் முட்டிவலி தேவலை.

மலையுச்சியில் நட்ட உன் கன்றுகள் கருகிவிட்டன என்று இரண்டு கோடைக்கு முன்பு எழுதினேன். நீயும் ஆராய்ச்சியை விட்டுவிட்டாய். கருகியவை உன்னுடையவை அல்ல.

"வெயில் ஏறிட்டே போகுதுண்ணா, இனிமே அடிவாரத்து மரந்தான் மேலயும் தாங்கும்" என்றாய். முப்பது வருட வனக்காவலனுக்கே பாடமா என்று, வழக்கமான மலைக்கன்றுகளையே நட்டேன். நீ வளர்த்துக் கொடுத்த அடிவாரக் கன்றுகளை அங்கேயே, உச்சியிலுள்ள காவல் கொட்டகைக்குப் பின்னால் பையோடு வீசினேன்.

அவை பையைக் கிழித்து வேரூன்றி, யாரும் தண்ணீர் ஊற்றாமலே இடுப்புயரம் நிற்கின்றன. நேற்று அந்த நிழலில் ஒரு மான்குட்டி படுத்திருந்தது.

யாரிடமும் சொல்லாதே என்று எழுதி, அடித்துவிட்டேன். எல்லோரிடமும் சொல்.

என்றைக்கு வருகிறாய் என்று எழுது. அன்று நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்