உள்கட்டுக்குள் நுழையாத கேமரா

1913, ஆவணி 14. இரவு.

எழுதாமல் படுத்தால் இன்று தூக்கம் வராது.

வெளி ஆண்கள் போக முடியாத உள்கட்டுகளில் பெண்களைப் படம் எடுப்பவள் நான். இரண்டாவது கேமரா அதற்குத்தான். நான் ஒருத்தியே தூக்கிப்போகிற மாதிரி சின்னதாக வாங்குங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். மதராஸிலிருந்து அவர் கொண்டுவந்து இறக்கியது, எங்கள் ஸ்டூடியோவில் நிற்பதைப் போலவே இன்னொரு பூதம்.

"ஏட்டி, ரெண்டும் ஒண்ணுபோல நின்னாத்தான் மதிப்பு" என்றார்.

வண்டிமாடா வாங்கப் போனார், ஜோடி சேர்க்க?

இன்று சீவலப்பேரியில் ஒரு வீடு. மகள் நாளை கொழும்புக்குக் கப்பல் ஏறுகிறாள், புருஷனிடம். அதற்கு முன் தாயும் மகளும் சேர்ந்து ஒரு படம் வேண்டுமென்று கூப்பிட்டிருந்தார்கள். வண்டிக்காரர்கள் கேமராவை முன்கட்டுவரை தூக்கிவந்து வைத்தார்கள். உள்கட்டு நிலைவாசலில் அது நுழையவே இல்லை. படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் இருவரும் முன்கட்டுக்கு வரட்டும் என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கெஞ்சினேன்.

"பொம்பளையாளுக இங்கன வரப்புடாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே போனேன். பட்டுடுத்தி, நகையெல்லாம் பூட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"படப்பெட்டி எங்கக்கா?" என்றாள் மகள்.

"உள்ள வர மாட்டேங்கு தாயி."

அவள் அம்மா மகளின் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அடுத்த வாரம் போய் எடுத்தாப் போச்சு" என்கிறார்.

"அடுத்த வாரம் யார எடுக்க?" என்று கேட்டேன்.

"மோர ஊத்து" என்றார்.