செவலையின் பக்கத்தில் நீ நில்

9.9.93

வடிவு,

சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்ததும் இதைப் படி. மாட்டாஸ்பத்திரி டாக்டர் காலையில் வந்து செவலையின் குளம்பைப் பார்த்தார். லாடம் கட்டும்போது நான் அடித்த ஆணி சதைக்குள் இறங்கி, சீழ் எலும்புவரை போய்விட்டதாம். "இனி இந்தக் குதிரை நடக்காது, அண்ணாச்சி. வேதனைப்பட விடாதீங்க" என்றார். நாலு மணிக்குக் கடைசி ஊசியோடு வருகிறார்.

"அது கால ஊண மாட்டேங்கு, லாடத்தக் கழத்திப் பாருங்க" என்று நீ இரண்டு வாரத்துக்கு முன்பே சொன்னாய். "குதிரையப் பத்தி எனக்கே சொல்லுதியோ?" என்று கத்திவிட்டு, ஏரல்வரை வண்டியில் பூட்டி ஓட்டினேன். நொண்டியதற்குச் சாட்டையாலும் அடித்தேன்.

இப்போது என்னைக் கண்டாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. நீதான் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். பின்னால் போகாதே. பேசிக்கொண்டே இடது பக்கமாகப் போய்த் தோளில் கை வை. வலது முன்னங்காலைத் தொட்டுவிடாதே.

கொள்ளு வேகவைத்து ஆறவைத்திருக்கிறேன். உடன்குடிக் கருப்பட்டியும் உடைத்துக் கொடு. இனி அதற்கு என்ன பத்தியம்?

கொட்டகைச் சாவி மாடக்குழியில் இருக்கிறது. உனக்குச் சோறு வடித்துவிட்டேன். குழம்பு வைக்கக் கை ஓடவில்லை.

நான் ஆற்றுப் படித்துறையில் இருப்பேன். சாகும் நேரத்தில் அது என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கருத்தையா

மறந்துவிட்டேன். ஊசி போடும்போது அதன் கண்ணை உன் முந்தானையால் மூடு.

முடிந்ததும் யாரையும் அனுப்பாதே, நீயே வா. நான் கத்திய அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. திட்டுவதற்காவது வாயைத் திற, வடிவு.