பேருந்து உள்ள கட்டங்களைத் தொடவும்

பாபநாசம்,
18 நவம்பர், செவ்வாய்

அன்புள்ள எழிலுக்கு,

மதி எழுதுவது. நலம் என்று எழுதிவிட்டு மேலே போக மனம் வரவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் ஒரு வாரமாகக் குமட்டிக்கொண்டு வருகிறது. நீயும் பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ சிரித்துச் சமாளித்துவிடுவாய், நானும் ஹாஸ்டல் ஞாபகத்தில் இளகிவிடுவேன். அதனால்தான் இவ்வளவையும் உட்கார்ந்து தட்டுகிறேன். போன் எழுத்து எழுத்தாக எனக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது.

மூன்று நாளாக இங்கே மழை. குடமுருட்டியில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறதாம். எங்கள் ஆறு மா நிலத்தில், அந்த இரண்டு ஏக்கரில், சம்பா தூர் கட்டிக்கொண்டிருக்கிறது. அப்பா போன பிறகு நான் தனியாகச் செய்யும் மூன்றாவது சாகுபடி. நேற்றுக் காலை, நடவுக்கு ஆள் திரட்டி வரும் பூவம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் போய் வயலில் இறங்கினேன். தண்ணீர் பாதிக் கெண்டைக்கால் வரை நின்றது. வடிகாலை வெட்டிவிடச் சொன்னேன். ஒரு நெற்குத்தைப் பிடித்து விரலால் எண்ணினேன், பதினெட்டுத் தூர். பூவம்மாளும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். பதினோரு வயதில் கண் போனவள் என்ன வெள்ளாமை பார்க்கிறாள் என்று கேட்கிறவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி விஷயம். உன் கம்பெனி எங்கள் உழவர் கூட்டமைப்புக்குச் செய்து கொடுத்த பதிவுத் தளத்தைப் பற்றித்தான். இந்தப் பருவத்தில் யார் சாகுபடி செய்கிறார்களோ அவர்கள் அதில் பெயரைப் பதிய வேண்டும். அறுவடை மெஷின், கொள்முதல் எல்லாம் அந்தப் பெயருக்குத்தான். ஒரு மணிநேரம் உட்கார்ந்து சர்வே எண், பட்டா எண், நெல் ரகம், நடவுத் தேதி எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் போட்டேன். கடைசியில் நான் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. பேருந்து உள்ள கட்டங்களைத் தொட வேண்டுமாம். என் போன் படித்தது: படம், படம், படம். இப்படி ஒன்பது தடவை.

காதால் கேட்கும் சோதனையும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஓடுகிற ரைஸ் மில்லுக்குள் நின்று ஒருவன் இங்கிலீஷில் முணுமுணுப்பது போல இருக்கிறது. அவன் சொல்வதை எழுதப் போனால் என் போன் குறுக்கே பேசுகிறது. போனை அடக்கினால் எழுதுகிற பெட்டி எங்கே என்று தெரிவதில்லை. மூன்று தடவை தவறியதும், சந்தேகத்துக்குரிய நடவடிக்கை என்று சொல்லி, நிரப்பிய அத்தனையையும் அழித்துவிட்டது. சந்தேகமாம்! வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி, கண்டக்டரோடு சண்டை போட்டுத் தஞ்சாவூர் போய் வருகிறவளுக்குப் பஸ் தெரியாது என்று ஒரு யந்திரம் தீர்ப்புச் சொல்கிறது.

மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் கடைசித் தேதி. அன்றைக்குப் பெரியப்பா மகன் குணசேகரன் அண்ணன் வந்தார். 'ஒனக்கு எதுக்கும்மா இந்தத் தொல்ல, போனைக் குடு, ரெண்டு நிமிஷம்' என்றார். கொடுத்தேன். நான் செய்த தப்பு அதுதான். படத்தை மட்டும் தொட்டுக் கொடுங்கள் என்றுதான் சொன்னேன். ஆனால் உன் தளம்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டதே, அவர் முதலிலிருந்து நிரப்பினார். வேகமாக முடியும் என்று போனின் குரலை நிறுத்திவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் காபி போட்டுக் கொடுத்தேன். அந்தக் காபியை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

அவர் போன பிறகு குரலைத் திரும்ப வைத்தேன். மெசேஜ் வந்திருந்தது. பதிவு முடிந்தது, நில உரிமையாளர் மதிவதனி, சாகுபடியாளர் குணசேகரன் என்று போன் சத்தமாகப் படித்தது. வாசலில் நின்ற பூவம்மாள், 'அந்தாளு இந்த வருசம் வரப்புல காலு வச்சாரா' என்று கேட்டுவிட்டுக் காறித் துப்பினாள். எனக்கும் துப்பத்தான் தோன்றியது.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். 'ஒரு பேருதானேம்மா. மெஷினுக்குப் பின்னாடி நீயா அலையப்போற, நாந்தானே' என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொஞ்சினார். இந்த மாதிரிப் பதிவை இன்னும் இரண்டு பருவம் சேர்த்து வைத்துக்கொண்டால், 'நான்தான் குத்தகைதாரன்' என்று அவர் கோர்ட்டுக்குப் போகலாம். அப்புறம் அவரை வயலை விட்டு வெளியேற்ற என் ஆயுள் போதாது. நீயும் இந்த ஊர்ப்பக்கம் பிறந்தவள், உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் அல்லா பிச்சை பாய் நல்ல மனிதர். 'தளத்துலதாம்மா திருத்த முடியும், வெள்ளிக்கிழம சாயந்தரம் வரைக்கும் நேரம் இருக்கு, குடுங்க, நான் போட்டுத் தர்றேன்' என்றார். திருத்தும் பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் அதே பேருந்து. அவர் தொடப் போனார், வேண்டாம் பாய் என்று போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பக்கத்தில் நல்லவர் இருந்தால் என் வயல் எனக்கு, கெட்டவர் இருந்தால் இல்லை என்கிற ஏற்பாடுதான் எனக்கு வெறுத்துவிட்டது.

நேற்று உன்னிடம் இதைச் சொன்னபோது, வீடியோவில் வா, எந்தப் படம் என்று நான் சொல்கிறேன் என்றாய். பிறகு, கண் தெரியாதவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இந்தத் தளத்துக்கு வருவதில்லை, அதனால் மேலே இருப்பவர்கள் காதில் ஏறாது என்றாய். எழில், வாசலிலேயே திரும்பிப் போனவர்களை உங்களில் யார் எண்ணியது? திருட்டு யந்திரங்கள் நுழையாமல் இருக்கத்தான் இந்தக் காவல் என்கிறாய். இருக்கட்டும். போனுக்கு வந்த எண்ணைத்தான் போட்டேனே, அது போதாதா?

மாசி மாதம் நீ இங்கே வந்து தளத்தை என் கையில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னபோது இதையேதான் சொன்னேன். படம் வேண்டாம், போன் எண் போதும், அதுவும் போதாதென்றால் தமிழில் எளிதாக ஒரு கேள்வி கேளுங்கள் என்றேன். நீ எழுதிக்கொண்டாய், கீபோர்டு சத்தம் கேட்டது. அதை அலுவலகத்தில் சொன்னாயா என்று நேற்றுக் கேட்டேன். பிள்ளை அழுகிறான் என்று போனை வைத்துவிட்டாய். பிள்ளை அழுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை எழில்.

தளத்தின் அடியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். பார்வையற்றோரைக் கொண்டு சோதிக்கப்பட்டது என்று. அந்தத் தளத்திலேயே என் போன் தடங்கல் இல்லாமல் படிக்கிற வரி அதுதான். அந்தப் பார்வையற்றோர் எத்தனை பேர்? நான் ஒருத்திதானே? சீ என்று போனைக் கட்டிலில் வீசிவிட்டேன். மூன்று வருஷம் எனக்குப் பாடம் வாசித்துக் காட்டியவள் நீ, அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் அண்ணன் செய்ததைவிட நீ செய்தது எனக்கு அதிகமாகக் கசக்கிறது. அவர் திருடினார், அவ்வளவுதான். உனக்கு என்னைத் தெரியும்.

வியாழக்கிழமை உங்களுக்கு மீட்டிங் இருப்பதாகச் சொன்னாய். அங்கே வாயைத் திற. சதவீதம் பேசாதே, என் பெயரைச் சொல், என்ன நடந்தது என்று சொல். அன்றைக்கே படத்தை எடுக்க முடியாவிட்டால் அந்த வரியையாவது எடுக்கச் சொல்.

வெள்ளிக்கிழமை மதியம் வரை பார்ப்பேன். ஒன்றும் மாறவில்லை என்றால் நீ சொன்னபடியே வீடியோவில் வருவேன். நிலத்தை நான் விட முடியாது. பாயிடம் போகலாம், போக மாட்டேன். இதை நீதான் செய்ய வேண்டும். மேல் வரிசையில் இரண்டாவது, கீழ் வரிசையில் முதலாவது என்று நீ ஒவ்வொன்றாகச் சொல், நான் தொடுகிறேன். நான் மனிதர்தான் என்று உன் தளம் ஒப்புக்கொள்ளும்வரை நீ லைனில் இருக்க வேண்டும்.

உன் கண்ணும் உன் பிள்ளையின் கண்ணும் கடைசிவரை நன்றாக இருக்கட்டும். இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

உன் சிநேகிதி,
மதிவதனி,
சாகுபடியாளர்