கம்பி வேலியே வேண்டும்: பதினான்காம் எண் வீட்டிலிருந்து

அனுப்புநர்:
தம்புசாமி த/பெ கன்னையா,
எண் 14, லோரோங் மெலோர் 3,
பண்டமாரான், கிள்ளான் துறைமுகம்.

பெறுநர்:
நகர்மன்ற உறுப்பினர் அவர்கள்,
பண்டமாரான் வட்டாரம்.

பொருள்: எங்கள் வீட்டு எல்லையில் ஆறடி மூடிய பலகை வேலி போடக் கொடுத்த விண்ணப்பத்தை நிறுத்தக் கோருவதும், அதில் உள்ள என் கையொப்பத்தை நான் திரும்பப் பெறுவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு வயது எழுபத்து மூன்று. துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டு மூட்டை இறக்கி ஓய்வு பெற்றவன். என் கையால் நான் எழுதும் முதல் மனு இது. கடந்த ஆண்டு முதல் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்று வருகிறேன். மனுவின் அமைப்பைக் குணேஸ்வரி டீச்சர் முன்பே வகுப்பில் பலகையில் எழுதிக் காட்டியிருந்தார். சொற்கள் என்னுடையவை. எழுதி முடிக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் எனக்குச் சந்தோஷம்தான். எழுத வேண்டி வந்த காரணம்தான் சந்தோஷமானது அல்ல.

1. எனக்கும் பதினாறாம் எண் வீட்டில் தனியாக வசிக்கும் திருமதி வீரம்மாவுக்கும் இடையில் இருந்த பழைய கம்பி வேலி துருப்பிடித்துச் சாய்ந்துவிட்டது. இருவரும் பேசி, இதே பண்டமாரானில் வேலி போடும் குத்தகையாளர் திரு. சுகுமாறனை அழைத்தோம். அவர் லோரியில் மாதிரிகள் கொண்டுவந்தார். நான்கடி உயரத்தில் பச்சை நிறப் பி.ஆர்.சி. கம்பி வேலியை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். அது கட்டம் கட்டமாக இருக்கும். அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் தெரியும்.

2. தெரிய வேண்டும் என்பதுதான் எங்கள் தேவை. சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் வீரம்மா அக்கா வாசல் குழாயடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு அசையவில்லை, குரலும் வரவில்லை. நான் பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலிக் கம்பி வழியாக அவர் கால் மட்டும் தெரிந்தது. அதனால்தான் ஆம்புலன்ஸ் வந்தது. அன்று முதல் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் அவர் தம் பக்கத்துக் கொடியில் ஒரு மஞ்சள் துண்டைப் போடுவார். எட்டு மணிக்குள் துண்டு தெரியவில்லை என்றால் நான் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

3. இதைச் சொன்ன பிறகும் திரு. சுகுமாறன் மூடிய அலுமினியப் பலகையே நல்லது என்றார். "அங்கிள், இப்போ எல்லாரும் இதான் போடுறாங்க லா. உள்ளே என்ன நடக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். அதற்கு வீரம்மா அக்கா, "நான் செத்துக் கெடந்தாலும் தெரியாது, அதானே தம்பி?" என்று கேட்டார். திரு. சுகுமாறன் சிரித்துவிட்டு, சரி, கம்பியே போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. அடுத்த முறை தாள்களோடு வந்தார். இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும், மறைக்கவில்லை. அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, சேமநிதி, எல்லாவற்றுக்கும் நான் பெருவிரலில் மை பூசி ரேகை வைத்தவன். அன்று அவர் மைப்பெட்டியைத் தேடினார். நான் பேனாவைக் கேட்டு வாங்கினேன். என் பெயரை ஐந்து எழுத்தும் சிந்தாமல் மூன்று இடத்தில் எழுதினேன். நாலாவது இடம் இருக்கிறதா என்றும் கேட்டேன். தாளில் இருந்தது மலாய். நான் தமிழ் மட்டுமே படிப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

5. அதே தாளை வீரம்மா அக்காவிடமும் நீட்டினார். அவருக்கு எழுத்து தெரியாது. "மலர் ஞாயித்துக்கெழம வந்து படிக்கட்டும், அப்புறம் ரேகை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். மலர்விழி அவருடைய மகள், பெட்டாலிங் ஜெயாவில் வேலை செய்கிறார். தாளை எடுத்துப் போன திரு. சுகுமாறன் ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவரவே இல்லை. எழுதத் தெரியாதவருக்கு இருந்த நிதானம் எழுதத் தெரிந்த எனக்கு இல்லை.

6. கடந்த திங்கட்கிழமை பழைய வேலியை எடுத்துவிட்டு முதல் குழி வெட்டினார்கள். எலுமிச்சை அறுத்துச் சூடம் காட்டினோம். திரு. சுகுமாறனும் எங்களோடு நின்று கும்பிட்டார். லோரியில் மூடியிருந்தது எந்த வேலி என்று அப்போது அவருக்குத் தெரியும். தூண் நட்ட பிறகு தார்ப்பாயை எடுத்தால், ஆறடிப் பலகைகள். வேறு ஒரு வீட்டுக்காக அளவெடுத்து வெட்டி, அவர்கள் வேண்டாம் என்றதால் மிஞ்சியவை என்று அவருடைய ஆளே சொன்னார். கேட்டபோது திரு. சுகுமாறன் தாளைக் காட்டினார். "நீங்கதான் சைன் போட்டீங்க அங்கிள், ஸ்டைலா போட்டீங்க" என்றார். தாளைப் படம் பிடித்து அனுப்பினோம். மலர்விழி போனில் வாசித்துச் சொன்னார். கம்பி வேலி வேண்டாம், பலகை வேலிக்கு மன்றத்தின் பெர்மிட் வேண்டும் என்று நானே கேட்பதாக அதில் இருக்கிறதாம்.

7. ஐயா, நான் அப்படிக் கேட்கவில்லை. பலகை நிற்க வேண்டிய கோட்டில் என் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றோடு ஐந்தாம் நாள். எதிரே வீரம்மா அக்கா அவருடைய நாற்காலியில் இருக்கிறார். வேலையாட்கள் வந்து பார்த்துவிட்டு, எங்களோடு தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். "படிக்காதவங்ககிட்ட பேசி டைம் வேஸ்ட்" என்று திரு. சுகுமாறன் நேற்று என் காதுபடச் சொன்னார். அவருக்கு என் பதில் இந்த மனு. மழை பெய்தாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை. குடை இருக்கிறது.

ஆகவே தாங்கள் அந்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் சம்மதத்துக்கு உள்ள இடம் வெறுமையாக இருக்கும். அதுவே போதும் என்று நினைக்கிறேன். அதை நிராகரித்து, நட்ட தூண்களில் நாங்கள் தேர்ந்தெடுத்த கம்பி வேலியையே போடும்படி குத்தகையாளருக்கு உத்தரவிட வேண்டும். இனி இப்படிப்பட்ட தாளில் யார் கையொப்பம் வாங்கினாலும், வீட்டுக்காரருக்குத் தெரிந்த மொழியில் அதை முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகே வாங்க வேண்டும் என்று மன்றத்தில் தாங்கள் பேச வேண்டும்.

இந்த மனுவை நான் மூன்று முறை படித்தேன். பிறகு நாற்காலியில் இருந்தபடியே வீரம்மா அக்காவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டு முறை விழுந்ததாக எழுதியிருந்தேன். ஒரு முறைதான் என்று கண்டிப்பாகச் சொன்னார். திருத்திவிட்டேன். அதன் பிறகே இருவரும் கீழே ஒப்பமிடுகிறோம்.

நாள்: 12.7.2024
இடம்: பண்டமாரான், எல்லைக் கோட்டில்

தம்புசாமி
(படித்த பின் இட்ட கையொப்பம்)

வீரம்மா, இடது பெருவிரல் ரேகை
(வாசிக்கக் கேட்ட பின் வைத்தது)